நாற்பது கஜத்தில் உடையும் குண்டு

வேட்டைக்குக் குண்டு தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "200 கஜத்தில் விரியுமா?" என்பதுதான், அதாவது மான் மேல் பட்டதும் குண்டின் முனை மலர்ந்து அகலமாகுமா என்று. ரேஞ்சில் கேட்கிறார்கள், கடைக் கவுண்டரில் கேட்கிறார்கள். ஆனால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் 200 கஜத்தில் மானைப் பார்க்கவே போவதில்லை. அமெரிக்காவில் தென்கிழக்கு ஒஹாயோவின் காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓக் மரங்களும் ஹிக்கரி மரங்களும் நெருங்கி நிற்கும் சரிவுகள், நடுவில் முள்புதர், கீழே ஓடை. 60 கஜத்துக்கு அப்பால் நிற்கிற மானின் கழுத்து ஒரு மரத்துக்கு இந்தப் பக்கமும் பின்தொடை இன்னொரு மரத்துக்கு அந்தப் பக்கமுமாகத்தான் தெரியும். இங்கே சுடுவதெல்லாம் 30, 40, 50 கஜம். அப்படியிருக்க, தூரத்தில் குண்டு விரியுமா என்று கவலைப்படுகிற நாம், பக்கத்தில் அது உடையாமல் இருக்குமா என்று ஏன் கேட்பதே இல்லை? இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம். கைத்துப்பாக்கிக்கென்று செய்த குண்டை ரைஃபிளில் அடைத்துச் சுடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை மறுபடி கிளப்பிவிட்டவன் கொலம்பஸில் ஐ.டி. வேலை பார்க்கிற ஒரு தம்பி. 450 புஷ்மாஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். ஏற்கெனவே 45 ஏசிபி பிஸ்டல் வைத்திருப்பவன். தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்ளும் பிரஸ்ஸும் தராசும் அவனிடம் உண்டு. அலமாரியில் 230 கிரெயின் (ஏறக்குறைய 15 கிராம்) எடையுள்ள குழிமுனைக் குண்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. "45ன்னா 45தானேண்ணா? விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அங்குலம்தான் வித்தியாசம். இதையே போட்டு மானை அடிச்சா என்ன?" என்று போனில் கேட்டான். வேண்டாம்ப்பா என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தோட்டா என்று இந்தப் பதிவில் நான் சொல்வது முழுப் பொருளை: பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. குண்டு என்றால் குழலைவிட்டு வெளியே போகிற அந்த உலோகத் துண்டு மட்டும். மருந்தின் அளவை ஓரிடத்திலும் எழுத மாட்டேன். அதற்கு அச்சடித்த கையேடு இருக்கிறது. அதைப் பார்த்து, குறைந்த அளவிலிருந்து ஏறிப் போவதுதான் முறை. யாரோ ஒருவர் இணையத்தில் எழுதிய எண்ணை நம்பி மருந்து நிறுக்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஓர் அறிவுரைதான்: நிறுக்காதீர்கள்.

நேர்க்கூடு விதி

ஒஹாயோவில் மான் வேட்டைக்கு நீண்ட காலம் ரைஃபிளுக்கே இடமில்லை. ஸ்லக் என்ற ஒற்றைப் பெருங்குண்டு போட்ட ஷாட்கன்தான். ஊர்கள் நெருக்கமாக இருக்கிற நாட்டில், கூர்முனைக் குண்டு குறி தப்பினால் எங்கே போய் நிற்கும் என்ற பயம். 2014இல் அதைத் தளர்த்தி, கழுத்துக் குறுகாத, நேரான கூடுள்ள தோட்டாக்களைச் சுடும் ரைஃபிளை அனுமதித்தார்கள். விட்டம் .357இலிருந்து .50 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 1873இல் ராணுவத்துக்காக வந்த 45-70, 1955இன் 44 மேக்னம், 2019இல் வந்த 350 லெஜண்ட் எல்லாம் இந்த வரையறைக்குள் வந்துவிட்டன. இவற்றில் பலவற்றுக்குக் கைத்துப்பாக்கிக் குண்டுகளே பொருந்தும் என்பதுதான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தது. குண்டு மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், வகையும் ஏராளம். ஒரு எச்சரிக்கை: 45-70க்குப் பெயரில்தான் 45; குண்டின் விட்டம் .458. அதை .452 குழலில் போட நினைக்கவே கூடாது.

450 புஷ்மாஸ்டரின் பிறப்பே இந்தக் கதைதான். பெரிய விட்டத்தில், ஒரே அடியில் பெரிய மிருகத்தை வீழ்த்தும் ஓர் அரைத் தானியங்கி ரைஃபிள் வேண்டும் என்று துப்பாக்கி எழுத்தாளர் ஜெஃப் கூப்பர் பேசிவந்தார். டிம் லெஜென்டர் என்பவர் அதை ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளின் உடம்புக்குள் அடக்கினார். துப்பாக்கி செய்யும் புஷ்மாஸ்டரும் தோட்டா செய்யும் ஹார்னடியும் சேர்ந்து 2007இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 284 வின்செஸ்டர் கூட்டை வெட்டிச் சுருக்கி, நேராக்கி, முனையில் .452 அங்குலக் குண்டை உட்காரவைத்த ஏற்பாடு. அந்த .452தான் 45 கோல்ட், 454 கசூல், 460 ஸ்மித் அண்ட் வெஸன் ஆகிய ரிவால்வர்களின் விட்டமும். 45 ஏசிபியின் உறைக் குண்டு (செம்பு உறை போட்ட ஈயக் குண்டு) .451. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைப் பற்றித்தான் தம்பி சொன்னான். விட்டக் கணக்கில் அவன் சொன்னது சரி. குழலுக்குள் அந்த வித்தியாசம் பெரிய சங்கடம் செய்யாது. சங்கடம் குழலைவிட்டு வெளியே வந்த பிறகு.

45 ஏசிபி பிஸ்டல், 230 கிரெயின் குண்டைச் சுமார் 850 அடி வேகத்தில் அனுப்புகிறது. (வேகம் எல்லாமே விநாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கில்.) 450 புஷ்மாஸ்டரின் பெட்டியில் 250 கிரெயினுக்கு 2200 அடி என்று அச்சடித்திருக்கும். அது 20 அங்குலக் குழலின் கணக்கு. என்னுடைய 16 அங்குலக் குழலில் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் அதைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது. இருந்தாலும் பிஸ்டலோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே எடைக் குண்டு ஆறு மடங்குக்கும் மேலான ஆற்றலோடு போய் மோதுகிறது. சுழற்சியும் கூடுகிறது. பிஸ்டல் குழலின் மறை (குண்டைச் சுழற்றும் உட்புறத் திருகு வரி) 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரைஃபிளில் 24க்கு ஒன்று. மறை மெதுவானதுதான், ஆனால் வேகம் அதை விழுங்கிவிடுகிறது. பிஸ்டலில் நிமிடத்துக்கு 38,000 சுற்று சுற்றிய குண்டு இங்கே 66,000 சுற்றுகிறது. 850 அடியில் விரிய வேண்டும் என்பதற்காக மெல்லிய செம்பு உறையும், அதில் முன்கூட்டியே கீறிவைத்த கோடுகளும், மிருதுவான ஈயமுமாகச் செய்த பொருளை இப்படிச் சுழற்றி இப்படி மோதவிட்டால் அது விரிவதோடு நிற்காது.

இப்போது தூரத்தைப் பாருங்கள். 2200இல் கிளம்பிய அந்த 250 கிரெயின் குண்டு 100 கஜத்தில் 1800க்குச் சற்று மேலும், 200 கஜத்தில் 1500ஐ ஒட்டியும் இருக்கும். 200 கஜத்திலும் அது பிஸ்டல் குழலின் வாயில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு வேகம்! பிஸ்டல் குண்டு 200 கஜத்தில் விரியுமா என்று கேட்பதே வீண் என்று நான் சொல்வது இதனால்தான். தாராளமாக விரியும். கேட்க வேண்டியது 40 கஜத்தைப் பற்றி.

பக்கத்துப் பண்ணை மான்

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், கணக்காகத்தான் தெரியும். அது கண்ணுக்கு முன்னால் வந்தது, நாங்கள் எழுத்தில் அனுமதி வாங்கி வேட்டையாடுகிற நிலத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் அடித்த ஓர் ஆண் மானை உரித்தபோது. நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்து வருகிற திங்கட்கிழமைதான் இங்கே துப்பாக்கி வாரம் தொடங்கும். அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் ஓடைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவரே போன் செய்தார். மான் அடிபட்டது நிச்சயம், ஆனால் ரத்தத் தடம் இல்லை, தேடுவதற்கு ஆள் வேண்டும் என்றார்.

முப்பது கஜத்துக்குள் நின்ற மான், பக்கவாட்டில், கொஞ்சம் அவரை நோக்கித் திரும்பியபடி. அவர் அடித்தது முன்தோளில். அவர் சுட்ட இடத்துக்கும் மான் நின்ற இடத்துக்கும் நடுவில் நின்று பார்த்தேன். தவறுகிற தூரமே இல்லை. ஓக் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. மான் நின்ற இடத்தில் வெட்டிப்போட்டது போல் கொஞ்சம் மயிர், சருகில் கடுகளவு இரண்டு சொட்டு. அவ்வளவுதான். ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் அதைக் கண்டுபிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. செத்திருந்தது, ஆனால் உடனே சாகவில்லை என்பது மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

கொட்டகையில் தொங்கவிட்டுத் தோலை இறக்கினோம். தோலில் ஓட்டை ஒன்றுதான். மறுபக்கம் ஒன்றும் இல்லை. தோளில் கத்தி வைத்ததும் சதை கத்தியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, கருஞ்சிவப்பில், கூழாக, இரண்டு கை அகலத்துக்கு. தோள்பட்டை எலும்பின் தட்டையான பகுதியில் உடைந்த ஓட்டை, ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஈயம் பூசினாற்போல. எலும்புக்கு அடியில் செம்பு உறை கிடைத்தது. இதழ்கள் எல்லாம் பின்பக்கம் மடிந்து, உள்ளே ஈயமே இல்லாமல், காலி ஓடு. விலா எலும்புகளுக்கு இடையில் அரிசி அளவு ஈயத் துணுக்குகள். நுரையீரலில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்திருந்தது, பயறு அளவுத் துண்டு. அந்த ஒரு துண்டுதான் மானைக் கொன்றது, அதுவும் மெதுவாக. பண்ணைக்காரக் கிழவர் அந்த உறையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேஞ்சில் ஒரு அங்குல வட்டத்துக்குள் மூன்றும் விழுந்ததே என்றார். விழுந்திருக்கும். காகிதம் குண்டை உடைப்பதில்லை.

அவர் போட்டிருந்ததும் கைத்துப்பாக்கிக் குண்டுதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் பெட்டியில் எந்தத் துப்பாக்கிக்கு என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். குண்டின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிஸ்டலில் போட்டிருந்தால் அது சொன்ன வேலையைச் செய்திருக்கும்.

எடையைவிட உறை

அந்தக் குளிர்காலத்தில் காலன் பால் குடுவைகளில் தண்ணீர் நிரப்பி, வரிசையாக மேசையில் அடுக்கி, 40 கஜத்திலிருந்து சுட்டுப் பார்த்தேன். தண்ணீர்க் குடுவை மான் இல்லை. தோள் எலும்பு அதில் இல்லை. ஆனாலும் இந்தக் குண்டு உடையுமா, அந்தக் குண்டு உடையுமா என்று ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். பிஸ்டல் வேகத்துக்கான குண்டு முதல் குடுவையை வெடிக்கவிட்டது. பார்க்க அட்டகாசமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். மூன்றாவது குடுவையில் உறை ஒரு பக்கம், ஈயப்பொடி ஒரு பக்கம். நான்காவது குடுவை நனையக்கூட இல்லை.

தடித்த உறைக் குண்டுகளிடம் இந்த வேடிக்கை இல்லை. முதல் குடுவை சாதுவாகக் கிழிந்தது, குண்டு காளான் மாதிரி விரிந்து, உள்ளே நெடுந்தூரம் போய், பெரும்பாலான எடையோடு கடைசிக் குடுவையில் உட்கார்ந்திருந்தது. இங்கேதான் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். எடை கூடினால் உறுதி கூடும் என்று நினைக்கிறார்கள். ஹார்னடியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். .452 விட்டத்தில் 300 கிரெயின் எக்ஸ்டிபி என்ற குழிமுனைக் குண்டு ஒன்று உண்டு. அதே விட்டம், அதே 300 கிரெயினில் எக்ஸ்டிபி மேக் என்று இன்னொன்றும் உண்டு. பெட்டியில் வித்தியாசம் 'மேக்' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தடித்த உறை, 454 கசூல் போன்ற கடும் ரிவால்வர்களின் வேகத்துக்காக. கடையில் அவசரத்தில் கை மாறி எடுத்தால் நீங்கள் வாங்குவது வேறொரு குண்டு.

இந்த உறுதியான குண்டுகள் நமக்குக் கிடைத்ததற்கு ரிவால்வர்க்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 45 கோல்ட் 1873இல் வந்தபோது அதன் வேகம் 900 அடியை ஒட்டித்தான். 454 கசூல், 300 கிரெயினை 1650 அடிக்குக் கொண்டுபோனது. 2005இல் வந்த 460 ஸ்மித் அண்ட் வெஸன், 200 கிரெயினை 2200 அடியைத் தொடவைத்தது. கையில் பிடித்துச் சுடும் ஒன்று ரைஃபிள் வேகத்துக்கு வந்துவிட்டதால், பழைய குண்டுகள் தாங்காமல் போய், புதியவை செய்ய வேண்டியதாயிற்று. கைத்துப்பாக்கிக் குண்டு என்று ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பவற்றில் 850 அடிக்காரர்களும் உண்டு, 2000 அடிக்காரர்களும் உண்டு. ஆகவே கடையில் நான் விட்டத்துக்கு அடுத்தபடி பார்ப்பது எடையை அல்ல. எந்தத் துப்பாக்கிக்காக இதைச் செய்தார்கள் என்பதைத்தான்.

வகைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், உறுதி என்றால் இதுதான் என்று சொல்லத்தக்கது. நடுவில் செம்பிலேயே ஒரு குறுக்குச் சுவர். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே நிற்கும், முன்பாதி ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நடுச்சுவர் என்ற யோசனை ஜான் நாஸ்லருடையது. 1940களில் கனடாவில் ஒரு மூஸ் (மான் இனத்திலேயே பெரியது), அவருடைய குண்டுகள் உடைந்துபோனதால் விழாமல் நின்றது. அதன் பிறகு அவர் பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். அவருக்கு அப்போது நேர்ந்ததும் இதே கதைதான்: பக்கத்து அடி, வேகமான ரைஃபிள், மெலிந்த குண்டு. ஏ-ஃப்ரேமில் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை விலை. பயிற்சிக்குச் சுட மனசு வராது. பயிற்சி இல்லாமல் வேட்டைக்குப் போகவும் கூடாது.

முழுச் செம்புக் குண்டு அடுத்தது. பார்ன்ஸ் போன்றவர்கள் செய்வது. ஈயமே இல்லை, பிரிவதற்கு உறையும் இல்லை. முனைக்குழி இதழ்களாக விரியும், எடை அநேகமாக முழுசாக நிற்கும். ஆனால் இதிலும் 45 கோல்ட்டுக்கு ஒன்று, 454க்கும் 460க்கும் வேறு என்று இருக்கிறது, கலந்துவிடக் கூடாது. இன்னொன்று, செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால், அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். 250 கிரெயினுக்குப் பதில் 250 கிரெயின்தானே என்று பழைய மருந்தளவையே போடுவது விபரீதம். 450 புஷ்மாஸ்டரின் அழுத்த வரம்பு 38,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மற்ற பல ரைஃபிள் தோட்டாக்களைவிடக் குறைவு. குண்டு மாறினால் கையேட்டில் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வார்ப்பு ஈயக் குண்டை மறந்துவிட்டேன் என்று அதைப் புகழ்ந்து எழுதிய பழைய துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். தட்டை முனை, கடின ஈயம், விரியவே விரியாது, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும். உடையுமோ என்ற கவலைக்கே இடமில்லை. துளை ஓரம் வரைக்கும் கறியைச் சாப்பிடலாம் என்பார்கள், பொய்யில்லை. ரைஃபிள் வேகத்தில் அடியில் செம்பு மூடி இல்லாவிட்டால் குழலில் ஈயம் படியும், அதைச் சுரண்டுவது ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். என் சோம்பலுக்கு அது ஒத்துவராது.

வேகத்தைக் குறைத்தால் குறைச்சலா?

வீட்டில் அடைப்பவனுக்குக் கடைத்தோட்டா வாங்குபவனுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. குண்டை மாற்ற மனமில்லை என்றால் வேகத்தை மாற்றலாம். இதை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை. பிரஸ் வாங்கிய மறுநாளே கையேட்டின் கடைசி வரிக்குப் போய்விடுகிறோம். கடையில் 2200 என்றால் நம் வீட்டில் 2300 வர வேண்டும். வந்தால்தான் நாம் கெட்டிக்காரர்கள்.

454 கசூலுக்கு ஹார்னடி அடைக்கிற தோட்டாக்களைக் கவனியுங்கள். 240 கிரெயின் எக்ஸ்டிபி மேக்குக்கு 1900 அடி, 300 கிரெயினுக்கு 1650. இது ரிவால்வர் குழல்வாயின் வேகம். அந்தக் குண்டு பார்த்துப் பழகிய உலகம் இது. 450 புஷ்மாஸ்டரில் 240ஐ அடைத்தால் 2200ஐத் தாண்டிப் போய்விடுகிறது. 300ஐ அடைத்தால் 1900ஐ ஒட்டி நிற்கிறது, 50 கஜத்துக்குள் இன்னும் இறங்கிவிடுகிறது. கனமான குண்டு தானாகவே வேகத்தை மட்டுப்படுத்தி, தனக்கு ஏற்ற எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. மேலே எடையைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு இங்கே எடைக்கு வக்காலத்து வாங்குகிறாயே என்றால், காரணம் வேறு. எடை குண்டுக்குப் பலம் தருவதில்லை; அது வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அதோடு, இந்த விட்டத்துக்கு 250 கிரெயின் குட்டையான குண்டு. எடைக்கும் குறுக்குவெட்டுக்கும் உள்ள விகிதம் அதற்கு 0.175, 300க்கு 0.210. முப்பது காலிபர் (.308 அங்குல விட்ட) ரைஃபிள் குண்டு 180 கிரெயினுக்கு 0.271. குட்டைக் குண்டு பாதி எடையை வழியிலேயே உதிர்த்தால் மிச்சம் எங்கேயும் போய்ச் சேராது. நீளமான ரைஃபிள் குண்டு கொஞ்சம் உதிர்த்தாலும் பிழைத்துக்கொள்ளும்; நமக்கு அந்த வசதி கிடையாது.

வேகம் குறைந்தால் குண்டு சரியும், 200 கஜத்தில் குறி கீழே போகும் என்பார்கள். போகும். சரிவைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், ரேஞ்சில் பழகிக்கொள்ளலாம். தோளில் உடைந்த குண்டுக்கு எந்தக் கணக்கும் உதவாது. லீவர் ரைஃபிள் (அடிப்பக்க நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) வைத்திருக்கிறவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். 44 மேக்னத்தின் 240 கிரெயின் ரிவால்வரில் 1350 அடி என்றால் நீளக்குழலில் 1750ஐத் தாண்டும். 357 மேக்னத்துக்கும் அப்படியே, 125 கிரெயின் குழிமுனையை மானுக்கு எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் பக்கத்துப் பண்ணைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டத் தோன்றுகிறது.

எனக்கு இரண்டு ஓட்டை வேண்டும் என்பதில் பிடிவாதம் உண்டு. மரக்கிளையில் கட்டிய பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது நுழைகிற ஓட்டை மேலே இருக்கும். அதிலிருந்து ரத்தம் சீக்கிரம் வெளியே வராது, நெஞ்சுக்குள்ளேயே தேங்கும். கீழ்ப்பக்கம் வெளியேறும் ஓட்டைதான் சருகில் தடம் போடும். "ஆற்றலெல்லாம் மானுக்குள்ளேயே இறங்க வேண்டும், வெளியே போனால் வீண்" என்று ஒரு கட்சி இருக்கிறது. அந்தக் கட்சிக்காரர்கள் இருட்டும் நேரத்தில் சருகு மேட்டில் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்களா என்று கேட்க ஆசை.

கறியைப் பற்றி வீட்டுக்காரி கேட்ட கேள்வியையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு தொடையைக் கொடுத்தனுப்பினார். நடந்ததைச் சொன்னேன். "ஏங்க, அந்த ஈயத்தூள் தோளோட நின்னிருக்கும்னு என்ன நிச்சயம்? பிள்ளைங்களுக்கு எப்படிப் போடறது?" என்றாள். நியாயமான கேள்வி. 2008இல் வட டகோட்டாவில் தானமாக வந்த மான்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் அரைத்த கறியில் இருந்தன. உணவு வங்கிகளிலிருந்து அந்தக் கறியை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே அந்தச் சட்டத்தின் தொடக்கம் பிணந்தின்னிக் கழுகு வகையைச் சேர்ந்த காண்டோர் பறவைகள் ஈயம் தின்று சாவது. உடைகிற குண்டு மானுக்கு மட்டும் கெடுதல் இல்லை, சட்டிக்கும் கெடுதல். தொடை என்பதால் அடி பட்ட இடத்திலிருந்து தூரம்தான், இருந்தாலும் அதைப் பெரியவர்கள் மட்டும் சாப்பிட்டோம். மிளகு தூக்கலாகப் போட்ட வறுவல்.

ஆக, தம்பிக்கு என் பதில்: 230 கிரெயின் பெட்டிகளைத் தூக்கிப் போடாதே. கையேட்டில் அந்தக் குண்டுக்கு மிதமான அளவு போட்டிருந்தால் அடைத்துக் காகிதத்தில் சுட்டுப் பழகு. உதைப்பும் குறையும், பயிற்சியும் ஆகும். 450இன் கூடு குழலின் அறைக்குள் தன் வாய்விளிம்பில்தான் முட்டி நிற்கிறது என்பதால் ரிவால்வர் தோட்டாவைப் போல விளிம்பை உள்ளே சுருட்டி மடக்காதே, லேசாக நெருக்கிவிடு. மானுக்கு 300 எக்ஸ்டிபி மேக்கை எடு. கையில் காசு இருந்தால் ஏ-ஃப்ரேம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 454, 460க்கான செம்பு.

நான் இந்த முறை செம்புக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ரிவால்வர் குண்டுகளின் மொத்தை மூக்கு என் மேகசினின் (தோட்டாப் பெட்டியின்) உதட்டில் இடிக்கிறது. வேகமாக போல்ட்டைத் தள்ளினால் இரண்டாவது தோட்டா ஏறாமல் நிற்கிறது. குண்டை இன்னும் ஆழமாக இறக்கினால் ஏறும், ஆனால் மருந்துக்கு இடம் குறைந்துவிடும். மருந்தே இல்லாத, பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டாக்களை வெவ்வேறு நீளத்தில் அடைத்துவைத்திருக்கிறேன். எந்த நீளத்தில் தடங்கல் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையேட்டைத் திறக்க வேண்டும்.